டோவி தொட்டியில் ஏதோ சரியில்லை: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

உல்ஃப் சிச்லிட் என்றும் டோவி என்றும் சொல்லப்படும் பாராக்ரோமிஸ் டோவி, ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா நாடுகளின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும், சிச்லிட் குடும்பத்து வேட்டை மீன். 1864இல் விலங்கியலாளர் குந்தர் இதை விவரித்துப் பெயரிட்டார். இயற்கையில் ஆண் மீன் 70 செ.மீ. வரை போகும். வீட்டுத் தொட்டியில் 45 முதல் 60 செ.மீ. வரை எதிர்பார்க்கலாம். பெண் அதைவிடச் சின்னது. எப்போதாவதுதான் விற்பனைக்கு வரும். வரும்போது விரல் நீளக் குஞ்சாக வரும். வாங்குகிறவர் அந்த விரல் நீளத்தைப் பார்த்துத்தான் தொட்டி வைக்கிறார்.

இந்த மீனுக்கு வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை நோயே அல்ல. மீன் வளர்ந்த வேகத்துக்குத் தண்ணீரும் ஃபில்டரும் இடமும் வளரவில்லை என்பதுதான் ஒவ்வொரு முறையும் வேறு வேறு அறிகுறியாக வெளியே தெரிகிறது. அதனால்தான் கீழே ஒவ்வொரு இடத்திலும் மருந்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

முதலில் ஐந்து எண்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும் சரி, வெப்பநிலை, பிஎச், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஐந்தும் கையில் இல்லாமல் மேலே போகாதீர்கள். வெப்பம் 25 முதல் 28 டிகிரி, பிஎச் 7 முதல் 8, அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 40 பி.பி.எம்.முக்குள் (லிட்டருக்கு மில்லிகிராம்), முடிந்தால் 20க்குள். கேஎச் எனப்படும் கார்பனேட் கடினத்தன்மையையும் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எப்போது சோதிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பலர் காலையில், தீனி போடுவதற்கு முன் சோதிப்பார்கள். அமோனியா பூஜ்யம் என்று வரும். ஆனால் டோவி நாள் முழுக்கக் கொறிக்கிற மீன் அல்ல. ஒரே மூச்சில் நிறையத் தின்னும், தின்ற சில மணி நேரத்தில் செவுள் வழியாக அமோனியாவை மொத்தமாக வெளியே தள்ளும். உங்கள் ஃபில்டர் அந்த அலையைத் தாங்குகிறதா என்று தெரிய வேண்டுமானால், வயிறு நிறையத் தீனி போட்டு நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அப்போதும் பூஜ்யம் வந்தால் ஃபில்டர் போதும். 0.25 வந்தாலே போதவில்லை.

அமோனியா எண்ணைத் தனியாகப் படிக்கவும் கூடாது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் 0.6 சதவீதம் அளவுக்குத்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். சோதனைக் குழாயில் நிறம் ஒன்றுதான். மீனுக்கு ஒன்பது, பத்து மடங்கு வித்தியாசம்.

மேலே வந்து வாயைத் திறந்து மூடுகிறது, செவுள் வேகமாக அடிக்கிறது

இது ஒன்றுதான் உண்மையான அவசரம். காரணத்தைத் தேடுவதற்கு முன் ஏர் பம்ப்பைப் போடுங்கள், ஃபில்டர் வெளியேற்றும் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே திருப்பி மேற்பரப்பைக் கலக்குங்கள், தீனியை நிறுத்துங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: எதற்குப் பிறகு இது ஆரம்பித்தது?

தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களில் என்றால் குளோரின். சோடியம் தயோசல்பேட் உள்ள கண்டிஷனரைத் தொட்டியின் மொத்த அளவுக்கும் கணக்கிட்டு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) இருந்தால் கதை இன்னும் கொஞ்சம் நீளும். கண்டிஷனர் குளோரினைப் பிரித்தெடுக்கும்போது மிச்சம் அமோனியாவாக நிற்கும். அமோனியாவையும் கட்டிப்போடுகிற வகைக் கண்டிஷனர்தான் அங்கே வேண்டும். குளோரமைன் உள்ள தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தாலும் போகாது.

நீண்ட நாள் கவனிக்காத தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றினீர்கள், அடுத்த சில மணி நேரத்தில் மீன் தவிக்கிறது என்றால் காரணம் வேறு. பெரிய வேட்டை மீன் வைத்திருப்பவர்களை அதிகம் ஏமாற்றுவது இதுதான், கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். ஃபில்டர் பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏழு மில்லிகிராம் காரத்தன்மையை, அதாவது கேஎச்சை, சாப்பிட்டுவிடும். டோவி மாதிரி புரதமாகவே தின்னும் மீன் இருக்கும் தொட்டியில் கேஎச் வாரா வாரம் கரையும். அது தீர்ந்ததும் பிஎச் 6க்குக் கீழே சரியும். அந்த அமிலத் தண்ணீரில் பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும், அமோனியா சேரும். ஆனால் பிஎச் குறைவாக இருப்பதால் அது நச்சில்லாத அம்மோனியம் வடிவில் கிடக்கும், மீனும் சும்மா இருக்கும். இப்போது பிஎச் 8 உள்ள புதுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினால், கிடந்த அம்மோனியம் முழுக்க ஒரே நேரத்தில் நச்சாக மாறும். சுத்தம் செய்ததால் மீன் செத்தது என்று தோன்றும். இந்த நிலையில் இருக்கும் தொட்டியில் முதலில் பிஎச்சையும் அமோனியாவையும் பாருங்கள். பிஎச் 6.5க்குக் கீழே, அமோனியா 1க்கு மேலே என்றால் ஒரு நாளைக்குப் பத்து சதவீதம் மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் அமோனியாவைக் கட்டும் கண்டிஷனரோடு. பிஎச்சை ஒரே நாளில் உயர்த்த சமையல் சோடாவைத் தூக்காதீர்கள். எண்கள் அடங்கிய பிறகு, பவளத் துண்டுகளை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால் கேஎச் தானாக நிற்கும்.

ஃபில்டரைக் கழுவிய மறுநாள் என்றால், பஞ்சையும் பீங்கான் வளையங்களையும் குழாய்த் தண்ணீரில் கழுவியிருப்பீர்கள். பாக்டீரியா போயிருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அவற்றை அலச வேண்டும், அதுவும் ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல.

கரண்ட் போய் வந்த பிறகு என்றால் கேனிஸ்டர் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். மூடிய டப்பாவுக்குள் ஓட்டமில்லாமல் நின்ற தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து கெட்டுப்போயிருக்கும். மோட்டார் ஓடியதும் அது அப்படியே தொட்டிக்குள் வந்து விழும். சில மணி நேரம் நின்றிருந்தால் டப்பாவைத் திறந்து உள்ளே உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

நைட்ரைட் தெரிந்தால் ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் அயோடின் கலக்காத உப்பு போடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். செவுளின் உட்புறம் சிவப்புக்குப் பதில் பழுப்பாகத் தெரிந்தால் நைட்ரைட் ஏற்கெனவே ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பொருள்.

எல்லா எண்களும் சரி, வெப்பம் மட்டும் 31, 32 என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடிக்கும், 30 டிகிரியில் 7.5தான். அதே வெப்பத்தில் மீனின் தேவையோ கூடியிருக்கும். வெயில் நாட்களில் தீனியைப் பாதியாக்குவது நல்ல பழக்கம்.

எண்கள் சரி, வெப்பமும் சரி, ஆனால் ஒரு பக்கச் செவுள் மட்டும் மூடிக்கிடக்கிறது என்றால் செவுள் புழு இருக்கலாம். வாய் மூட முடியாமல் திறந்தபடியே நிற்கிறது என்றால் தொண்டையில் கூழாங்கல்லோ மீன் முள்ளோ சிக்கியிருக்கலாம். டோவி கல்லை வாயில் அள்ளி இடம் மாற்றுகிற மீன். தரையில் போடும் கல் ஒன்று மணலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் வாயில் நுழையாத அளவு பெரிதாக இருக்க வேண்டும்.

தீனி எடுக்கவில்லை

புதிதாக வந்த மீன் சில நாள் பட்டினி கிடப்பது இயல்பு. 20 செ.மீ.க்கு மேல் உள்ள மீன் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. விளக்கை அணைத்து, தொட்டியின் மூன்று பக்கத்தையும் மறைத்து, தினமும் ஒரு முறை கொஞ்சம் தீனி காட்டி, பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். எடுக்காமல் விட்ட தீனி அழுகி, அடுத்த அறிகுறியைக் கொண்டுவரும்.

பழைய மீன் திடீரென்று நிறுத்தினால் வரிசையாகப் பாருங்கள். நேற்று அளவுக்கு மீறித் தின்றதா? தண்ணீர் 23 டிகிரிக்குக் கீழே போயிற்றா, அதாவது ஹீட்டர் செத்துவிட்டதா? நைட்ரேட் 80ஐத் தாண்டியதா? முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற மீனா? காவல் காக்கிற பெண் அரைகுறையாகத்தான் சாப்பிடும், அதை வற்புறுத்த வேண்டாம்.

இது எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் பிடிவாதம்தான். உயிருள்ள மீனைப் போட்டுப் பழக்கப்பட்ட டோவி, பெல்லட் என்ற உருண்டைத் தீனியை முகர்ந்துகூடப் பார்க்காது. தீனிக்கு உயிர்மீன் போடுவதை நான் அறவே வேண்டாம் என்பேன். வேட்டையாடும் காட்சி நமக்குத்தான். மீனுக்குக் கிடைப்பது ஒட்டுண்ணியும் கொழுப்பும். அதிலும் கோல்ட்ஃபிஷ், கெண்டைக் குடும்ப மீன்களின் உடம்பில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்ற மீன் நிலை தடுமாறி நீந்தும், நரம்புக் கோளாறு போலிருக்கும். உறையவைத்தாலும் அந்த நொதி சாகாது, வேகவைத்தால்தான் சாகும்.

மாற்றுவதற்கு அவசரம் கூடாது. இரண்டு மூன்று நாள் எதுவும் போடாமல் விடுங்கள். பிறகு தோலும் முள்ளும் எடுத்த மீன் துண்டை நீண்ட இடுக்கியில் பிடித்து, தண்ணீரில் ஓடுவது போல இழுத்துக் காட்டுங்கள். கையில் பிடித்துக் காட்ட வேண்டாம். கோரைப்பல் இருக்கிற வாய் அது. துண்டை எடுக்கப் பழகியதும் அதற்குள் பெல்லட்டைச் செருகுங்கள். வாயில் வாங்கும், துப்பும், மறுபடி வாங்கும், மறுபடி துப்பும். மூன்றாவது தடவை விழுங்கிவிடும். துப்பியதைப் பார்த்து உடனே இறால் போட்டீர்களென்றால், துப்பினால் இறால் வரும் என்று அது கற்றுக்கொள்ளும். சிச்லிட்டுக்கு அந்த அறிவு உண்டு.

வளர்ந்த மீனுக்கு வாரத்தில் மூன்று நான்கு நாள் தீனி போதும். மாட்டு இதயம், கோழி இறைச்சி போன்றவை வழக்கமான தீனி ஆகக் கூடாது. பாலூட்டி, பறவைக் கொழுப்பு இந்த மீனின் ஈரலில் படியும்.

தலையில் சின்னக் குழிகள்

கண்ணுக்கு மேலே, நெற்றியில், குண்டூசியால் குத்தினாற்போல் ஆரம்பிக்கும். அந்த இடத்தில் மீனுக்கு இயல்பாகவே உணர்வுத் துளைகள் உண்டு. அவை இரண்டு பக்கமும் சமச்சீராக, ஓரம் மழுங்காமல் இருக்கும். அவற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குழிநோய் என்றால் துளை அகலும், ஓரம் வெளுக்கும், ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாக இருக்கும், சில நேரம் உள்ளிருந்து வெள்ளையாக நூல் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். கவனிக்காவிட்டால் உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோடான பக்கக்கோடு வழியே கீழேயும் இறங்கும்.

ஹெக்ஸாமிட்டா, ஸ்பைரோநியூக்ளியஸ் என்ற குடல் ஒட்டுண்ணிகளைத்தான் எல்லோரும் குற்றம் சொல்வார்கள். இவை ஆரோக்கியமாகத் தெரிகிற சிச்லிட்டின் குடலிலும் இருப்பவையே. அவற்றுக்கு இடம் கொடுப்பது மோசமான தண்ணீர், ஒரே வகைத் தீனி, ஓயாத மன அழுத்தம். ஆகவே முதல் வாரம் மருந்தே வேண்டாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை 20க்குக் கீழே கொண்டுவாருங்கள். ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் இருந்தால் எடுத்துவிடுங்கள். கார்பனுக்கும் இந்தத் தலைக் குழிக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு. தீனியில் வைட்டமின் சேர்த்த நல்ல பெல்லட்டை முதன்மையாக்குங்கள். திறந்து பல மாதமான டப்பாவில் வைட்டமின் சி மிச்சமிருக்காது, அதைத் தூக்கி எறியுங்கள்.

குழி பெருகிக்கொண்டே போகிறது, கூடவே கழிவும் வெள்ளை நூலாக வருகிறது என்றால்தான் மெட்ரோனிடசோல் என்ற ஒட்டுண்ணி மருந்து. மீன் சாப்பிடுகிற நிலையில் இருந்தால் தீனியில் கலந்து கொடுப்பதே பலன் தரும்: ஒரு கிராம் தீனிக்கு 10 மில்லிகிராம், ஐந்து நாள். சாப்பிடாத மீனுக்கு மட்டும் தண்ணீரில். மீன் மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் எட்டும் தூரத்தில் இருந்தால் அளவை அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று நாளில் நன்றாகிவிட்டது என்று பாதியில் நிறுத்துவது மோசமான பழக்கம்.

ஆறிய குழி தழும்பாக நிற்கும். ஆழமானது முழுசாக மூடாது. அது பெரிதாகவில்லை என்பதுதான் குணமானதற்கு அடையாளம்.

கழிவு வெள்ளை நூலாகத் தொங்குகிறது

பட்டினி கிடக்கும் மீனின் கழிவும் வெள்ளையாகத்தான் இருக்கும். உள்ளே வெறும் சளிதானே. நன்றாகத் தின்றுகொண்டே இப்படி வந்தால், வயிறும் ஒட்டிக்கொண்டே போனால், மேலே சொன்ன ஒட்டுண்ணி சிகிச்சை. உயிர்மீன் தின்ற வரலாறு இருந்தால் குடல் புழுவையும் கணக்கில் எடுங்கள். அதற்கு மெட்ரோனிடசோல் வேலை செய்யாது, புழுநீக்கி வேறு.

வயிறு வீங்கியிருக்கிறது

மேலேயிருந்து பாருங்கள். வயிறு மட்டும் உருண்டு, செதில் படிந்திருந்தால், மீன் சுறுசுறுப்பாக இருந்தால், அஜீரணம் அல்லது முட்டை நிறைந்த பெண். மூன்று நான்கு நாள் பட்டினி போடுங்கள். 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைத்து ஊற்றலாம், குடல் இளகும்.

செதில்கள் உடம்பிலிருந்து விலகி நிமிர்ந்து நின்றால் அது வேறு. சிறுநீரகம் கைவிட்ட நிலை அது, பெரும்பாலும் பாக்டீரியா உள்ளே பரவியதன் கடைசிக் கட்டம். நம்பிக்கை குறைவு. தனித் தொட்டி, சுத்தமான தண்ணீர், மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாட்டிக்.

கண் வெளியே தள்ளுகிறது அல்லது மங்குகிறது

ஒரு கண் மட்டும் என்றால் அடி. கண்ணாடியில், கல்லில், ஹீட்டரில் மோதியிருக்கும். தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் இரண்டு வாரத்தில் அடங்கும். இரண்டு கண்ணும் என்றால் தண்ணீர் கெட்டிருக்கிறது அல்லது உள்ளே தொற்று. எண்களுக்குத் திரும்பிப் போங்கள்.

கறுத்துப்போய் மூலையில் நிற்கிறது

டோவியின் நிறம் மனநிலையைக் காட்டும். பயந்த மீன் கறுக்கும், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் தலைகீழாகச் சாய்ந்து நிற்கும். குஞ்சுப் பருவத்தில் தொட்டிக்குள் ஒளிந்துகொள்ள எதுவும் இல்லையென்றால் இப்படி ஆகும். பெரிய பூந்தொட்டி, தடிமனான பிவிசி குழாய், வேர்க்கட்டை ஏதாவது வையுங்கள். ஒளிய இடம் கொடுத்தால் மீன் கண்ணில் படாது என்று நினைக்கிறார்கள், நடப்பது நேர்மாறு. ஓடி ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் முன்னால் வந்து உலவும்.

கூட வேறு பெரிய சிச்லிட் இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது. டோவி அடிபடும் பக்கமாக இருப்பது குஞ்சுப் பருவத்தில் மட்டும். கொஞ்சம் வளர்ந்ததும் முறை மாறும்.

பெண் மீன் வெள்ளி நிறம் போய்ப் பொன்மஞ்சளாகிவிட்டது என்று கவலைப்பட்டு மருந்து தேடுகிறவர்களும் உண்டு. அது பருவம். வளர்ந்த பெண்ணின் நிறமே மஞ்சள். ஆணுக்கு வெள்ளியும் நீலமும் ஊதாவும் கலந்த உடம்பில் கரும்புள்ளிகள்.

கண்ணாடியை முட்டுகிறது, மூக்கு புண்ணாகியிருக்கிறது

இரவில் விளக்கு அணைந்த நொடியில் தொட்டிக்குள் டமால் என்று கேட்டால், திடீர் இருட்டுதான் காரணம். முதலில் தொட்டி விளக்கை அணைத்து, அரை மணி கழித்து அறை விளக்கை அணையுங்கள்.

பகலில், உங்களைப் பார்த்ததும் ஓடிவந்து கண்ணாடியை முட்டுகிறது என்றால் அது பசியும் உரிமையும். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் நாள் முழுக்கக் கண்ணாடியோரம் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தால், தன் பிம்பத்தோடு சண்டை போட்டால், தாடை தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தால், இடம் போதவில்லை. ஒரே ஒரு வளர்ந்த ஆணுக்கு 180 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம், அதாவது ஏறத்தாழ 650 லிட்டர், குறைந்தபட்சம். எனக்கு அதுவும் நிறைவில்லை. 240 நீளம், 75 அகலம் இருந்தால்தான் 50 செ.மீ. மீன் வளைந்து திரும்ப முடியும். உயரத்துக்குப் பணம் கொட்டாதீர்கள். அகலத்தைக் கூட்டுங்கள்.

ஹீட்டரைத் தொட்டிக்குள் வைக்கவே வேண்டாம். வாலால் ஒரு அடி, கண்ணாடிக் குழாய் உடைந்தால் மின்சாரம் தண்ணீரில். சம்ப் என்ற தனி ஃபில்டர் தொட்டி இருந்தால் அதற்குள், இல்லையென்றால் கேனிஸ்டர் குழாயோடு இணைக்கும் வகை ஹீட்டர். எதுவானாலும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வழியாகவே எல்லா மின்சாமான்களும் ஓட வேண்டும். மூடிக்கு மேலே பூட்டோ கனமோ இருக்கட்டும். பெரிய டோவி லேசான மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே விழும்.

ஜோடியில் பெண் கிழிபட்டு நிற்கிறது

டோவி வளர்ப்பில் மிகக் கொடுமையான பகுதி இதுதான்.

நிகராகுவாவின் ஹிலோவா ஏரியில் இந்த மீன்கள் குஞ்சு காப்பதைக் கென்னத் மெக்கே ஆராய்ந்து 1977இல் எழுதினார். வேறு இனத்தைச் சேர்ந்த நிகராகுவா சிச்லிட் ஆண்கள், டோவியின் குஞ்சுகளுக்கே காவல் நின்றதை அவர் கண்டார். நிகராகுவா சிச்லிட்டுக்குப் போட்டியாக இருக்கும் இன்னொரு மீனை டோவி தின்னும் என்பதால், டோவி பெருகினால் அதற்கு லாபம். கேட்க அழகான கதை. ஆனால் அந்த ஏரியில் பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் விலகிப் போய்விடலாம். உங்கள் தொட்டியில் 240 செ.மீ.யோடு உலகம் முடிகிறது.

கட்டங்களைப் பிரித்துப் பாருங்கள். ஆண் துடுப்பை விரித்து, செவுள்மூடியைப் புடைத்து, பெண்ணின் முன் நடுங்குகிறது. பெண் திரும்பி நின்று அதே மாதிரி காட்டுகிறது. இரண்டும் வாயோடு வாய் கவ்வி இழுக்கின்றன. உதட்டில் தோல் கொஞ்சம் உரிந்து தொங்கலாம். இது பேச்சுவார்த்தை. தலையிடாதீர்கள்.

பெண் திரும்பி நிற்பதை நிறுத்திவிட்டது, மேல் மூலையில் தண்ணீர் மட்டத்தோடு சாய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது, வால் அடியில் செதில் உதிர்ந்து வெள்ளையாகத் தெரிகிறது என்றால் பேச்சு முறிந்துவிட்டது. அதே மணி நேரத்தில் பிரியுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் பெண் இருக்காது. ஆண் பெண்ணைப் போல இரண்டு மடங்கு எடை இருக்கும். ஒரு கடி போதும்.

அடிபட்ட பெண்ணைத் தனித் தொட்டியில், மங்கிய வெளிச்சத்தில், லிட்டருக்கு இரண்டு கிராம் உப்போடு வையுங்கள். தினமும் பாதித் தண்ணீர் மாற்றினால் கிழிந்த துடுப்பு ஆச்சரியமான வேகத்தில் வளரும். புண்ணில் பஞ்சு போலப் பூஞ்சை வந்தால்தான் மருந்து.

திரும்பச் சேர்க்கும்போது நடுவில் தடுப்பு கட்டாயம். பெண் மட்டும் நுழையும் அளவுக்கு அதில் ஒரு துளை போடும் முறை உண்டு. பெண் தயாரானால் அதுவே போகும், ஆபத்து வந்தால் ஓடிவரும். ஆண் அளவில் மிகப் பெரிதாக இருக்கும் ஜோடிக்குத்தான் இது ஒத்துவரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்றால் துளையில்லாத, கட்டம் கட்டமான பிளாஸ்டிக் வலைத்தடுப்பு. தடுப்பை ஒட்டிப் பெண் முட்டையிட்டால் ஆணின் விந்து வலை வழியாக வந்து சேர்ந்து முட்டைகள் கருவுறும். தடுப்பை நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். சாய்த்து நிறுத்திய தடுப்பை டோவி ஒரே உந்தில் சாய்த்துவிடும்.

பெண் தயாரா என்று தெரிந்துகொள்ள வயிற்றுக்கடியில் பாருங்கள். முட்டையிடும் குழாய் தடிமனாக, முனை மழுங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆணுக்கு அது மெலிந்து கூராக இருக்கும். ஆணுக்கு வெளியே வந்து பெண்ணுக்கு வராத நாட்கள்தான் ஆபத்தான நாட்கள்.

இன்னொரு ஆபத்தான கட்டத்தைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. குஞ்சுகளை நீங்கள் வெளியே எடுத்த அன்று, அல்லது முட்டைகள் பூஞ்சை பிடித்துப் போன அன்று. காக்க எதுவும் இல்லாமல் போனதும் ஆண் அடுத்த சுற்றுக்கு அவசரப்படும், பெண் தயாராக இருக்காது. குஞ்சை எடுக்கும் அதே கையோடு தடுப்பையும் இறக்குங்கள்.

உடம்பைத் தேய்க்கிறது, வெள்ளைப் புள்ளிகள்

புள்ளி இல்லாமல் தேய்த்தால் அமோனியா, அல்லது பிஎச் திடீரென்று மாறியது. உப்புத் தூவியது போலப் புள்ளி இருந்தால் வெண்புள்ளி நோய். புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை எந்த மருந்தும் தொடாது. அது உதிர்ந்து, பெருகி, தண்ணீரில் நீந்தி அடுத்த மீனைத் தேடும் கட்டத்தில்தான் கொல்ல முடியும். ஆகவே வெப்பத்தை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் 30க்கு ஏற்றி, ஏர் பம்ப்பைக் கூட்டி, லிட்டருக்கு இரண்டு கிராம் உப்போடு, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். பெரும்பாலும் புதிதாகப் போட்ட மீனோடோ தீனிமீனோடோதான் இது வரும்.

வளரவே மாட்டேன் என்கிறது

நல்ல தண்ணீரில் ஆண் குஞ்சு முதல் ஆண்டிலேயே 25 செ.மீ. தாண்டுவது சாதாரணம். பாதியில் நின்றால் நைட்ரேட்டையும் தண்ணீர் மாற்றும் அளவையும் பாருங்கள். வளரும் குஞ்சுக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு 40 சதவீதம் மாற்றலாம். சின்னத் தொட்டியில் மாதக்கணக்கில் குறுகிக் கிடந்த மீன், பெரிய தொட்டிக்குப் போனதும் இழந்ததை முழுசாக மீட்டுக்கொள்ளாது. கண் பெரிதாக, உடம்பு குட்டையாகத் தெரியும்.

அது பெண்ணாகவும் இருக்கலாம். அல்லது டோவியே இல்லாமலும் இருக்கலாம். பாராக்ரோமிஸ் இனங்கள் குஞ்சில் ஒன்றுபோலத் தெரியும், கலப்பினமும் கலந்து வரும். டோவிக் குஞ்சுக்குக் கண்ணுக்குப் பின்னாலிருந்து வால் வரை கறுப்புப் பட்டை ஏறக்குறைய தொடர்ச்சியாக ஓடும், முகம் நீண்டு கூராக இருக்கும். அந்தப் பட்டை திட்டுத் திட்டாக உடைந்து, உடம்பெல்லாம் கறுப்புச் சிதறலாகப் பரவி, முகம் சற்றுக் குட்டையாக இருந்தால் உங்களிடம் இருப்பது ஜாகுவார் சிச்லிட். மேலே சொன்னதில் ஏறக்குறைய எல்லாமே அதற்கும் பொருந்தும். 180 செ.மீ. தொட்டியில் அது ஆயுள் முழுக்க இருந்துவிடும்.